சித்தியின் பதினோரு மணிக் காட்சி

என் சித்தி வருவதற்கு முன்னால் அவள் குரல் வந்துவிடும். ஆள் குட்டை. கூட்டத்தில் நின்றால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், ஆனால் வாயைத் திறந்தால் தேட வேண்டிய அவசியமே இருக்காது. லாட்ஜ் ஒன்றின் சலவை அறையில் அவளுக்கு வேலை. பூமிக்கு அடியில் இருக்கும் அறை அது. மேலே மூலையில் ஒரு சின்ன ஜன்னல், அதில் தெரிவது போகிற வருகிறவர்களின் செருப்பு மட்டும்தான். இரண்டு பெரிய மெஷின்கள் நாள் முழுக்க வயிற்றுக் கடுப்பு வந்தவை மாதிரி உருளும். சித்தி அவற்றைவிட சத்தமாகப் பேசிப் பேசியே அந்தக் குரலைச் சம்பாதித்தாள் என்று சித்தப்பா சொல்வார். கல்யாணத்துக்கு முன்பே அப்படித்தான் என்று அம்மா சொல்வாள்.

லாட்ஜில் தங்க வருகிறவர்கள் யாரும் அவளைப் பார்த்ததில்லை. அவள் பின்சந்து வழியாக உள்ளே போவாள், பின்சந்து வழியாகவே வெளியே வருவாள். துவைத்து மடித்த விரிப்புகள் மட்டும் ஒரு சின்ன சரக்கு லிஃப்டில் மேலே போகும். ஒரு பட்டனை அமுக்கினால் முனகிக்கொண்டே ஏறி, மேலே போனதும் "டிங்" என்று ஒரு சத்தம் கொடுக்கும்.

"பாருடி, நான் துவைச்ச துணி லிஃப்டுல போகுது. நான் சந்துல போறேன்" என்பாள்.

போட்டோவிலும் அவளுக்கு இதே ராசிதான். அவள் கல்யாண போட்டோவில் மாலைக்குள் மூக்கு வரை புதைந்திருப்பாள், தெரிகிற மிச்சத்திலும் கண் மூடியிருக்கும். பள்ளிக்கூட போட்டோவில் அவளுக்கு முன்னால் ஒரு பெண்ணின் ரிப்பன். "அந்த ரிப்பனுக்குப் பின்னாடி இருக்கறது நான்தான்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவாள். எல்லோரும் ரிப்பன் நன்றாக இருக்கிறது என்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் லாட்ஜை ஒட்டி மூடிக் கிடந்த செருப்புக் கடையை ஒரு மாதத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து ஓர் அக்கா வந்தார். தலைமுடியை ஆம்பளை மாதிரி வெட்டியிருந்தார், சிரித்தால் முழுப் பல்லும் தெரியும். செருப்பு போட்டுப் பார்க்கிற நாற்காலிகளை எல்லாம் துடைத்து, தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடிக்கு எதிரே வரிசையாகப் போட்டார். கண்ணாடிக்கு உள்பக்கம் சிவப்பு வெல்வெட் திரை. வாசலில் ஒரு போர்டு: "தெரு. தினமும் காலை பதினோரு மணிக்கு. அனுமதி இலவசம்."

இலவசம் என்றால் எங்கள் தெருவில் பேதி மருந்துக்குக்கூட வரிசை நிற்கும். முதல் நாளே நாற்காலி நிறைந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லாததால் நான் முன்வரிசை. பக்கத்தில் முடிவெட்டுகிற அண்ணன், பாதித் தலை வெட்டி முடிந்த ஒரு வாடிக்கையாளரையும் கழுத்துத் துணியோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

பதினோரு மணிக்கு அந்த அக்கா கயிற்றை இழுத்தார். திரை விலகியது. கண்ணாடிக்கு வெளியே எங்கள் தெரு.

எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்றார் முடிவெட்டுகிற அண்ணன்.

"ஆரம்பிச்சாச்சு" என்றார் அந்த அக்கா.

"எங்க?"

"அதோ."

அதோ, ரொட்டிக் கடைக்காரர் ஒரு தட்டு நிறைய ரொட்டியோடு தெருவைக் கடந்துகொண்டிருந்தார். ஒரு ரொட்டி கீழே விழுந்தது. எடுத்தார். ஊதினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கண்ணாடியில் வெளிச்சம் அடித்ததால் எங்களை மட்டும் பார்க்கவில்லை. ரொட்டியைத் தட்டிலேயே திரும்ப வைத்து, அதன் தலையைச் செல்லமாக ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

உள்ளே அப்படி ஒரு கைதட்டல். முடிவெட்டுகிற அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. ஒரு டீ ஆறுகிற நேரம்தான், திரை மூடிவிட்டது. எழுந்து போக யாருக்கும் மனம் வரவில்லை. அன்று ரொட்டி வாங்கவும் யாருக்கும் மனம் வரவில்லை.

அன்று மாலை நான் சித்தியிடம் சொன்னேன். ஒன்று விடாமல் நடித்தும் காட்டினேன். அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"சும்மா நடந்து போறவங்களுக்கா கைதட்டுறாங்க?"

"ஆமா சித்தி."

"சும்மா நடந்து போறதுக்கு?"

"சும்மாதான்."

"அப்ப நான் போனா?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால்கூட இவ்வளவு சூடு ஏறாது. சித்தப்பா சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்: "ஏங்க, நான் நடந்தா எப்படி இருக்கும்?" சித்தப்பா சரக்கு வேன் ஓட்டுகிறவர், எதையும் ரோட்டுக் கணக்கில்தான் யோசிப்பார். "ஓரமா நடந்தா நல்லது" என்றார்.

இதற்குள் தெருவே கெட்டுப் போயிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு பதினோரு மணிக்கு எவரும் ஒழுங்காக நடப்பதில்லை. முடிவெட்டுகிற அண்ணன் கடைக்கு வெளியே நாற்காலியைப் போட்டு, கத்தரிக்கோலை விரலில் சுழற்றி, வாடிக்கையாளரைச் சுற்றி வட்டமடித்தார். பூட்டுக்குச் சாவி செய்கிற தாத்தா ஒரு சாவியை ஆகாயத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு காட்சி முடியும்வரை அசையாமல் நின்றார். ரொட்டிக் கடைக்காரர் தினமும் ஒரு ரொட்டியைக் கீழே போட்டார். பின்னே, முதல் நாள் வாங்கிய பெயர் ஆயிற்றே.

அந்த அக்கா வெளியே ஓடிவந்து கெஞ்சுவார்: "நடிக்காதீங்க! நீங்க எப்பவும் பண்றதைத்தான் நான் காட்ட வந்திருக்கேன். சும்மா இருங்களேன்!"

"சும்மா இருந்தா யாரும்மா கைதட்டுவா?" என்றார் சாவித் தாத்தா, கண்ணைத் திறக்காமலே.

சித்தி தன் முறைக்குத் தயாரானாள். இருட்டறையில் வேலை செய்கிறவளுக்கு எதற்கு என்று வாங்கியதிலிருந்து பெட்டியிலேயே கிடந்த ஓர் ஆரஞ்சு சால்வை வெளியே வந்தது. அதைக் கொண்டுபோய் சலவை அறையில் ஓர் ஆணியில் மாட்டினாள். அவளோடு வேலை செய்கிற நெட்டை, பெயருக்கேற்ற உயரம், அதைப் பார்த்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்றாள்.

"கொஞ்ச நேரம் பாத்துக்கடி. சோப்பு வாங்கப் போறேன்னு மேனேஜர்கிட்ட சொல்லு."

நான் கடைக்குள் முன்வரிசையில் தயாராக இருந்தேன். திரை விலகியது. தெருக்கோடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. கையை இவ்வளவு வீசி அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை. புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் கைதட்டுவதற்காகக் கையை விரித்துக்கொண்டேன். அப்போது கண்ணாடிக்கு முன்னால் ஒரு வேன் வந்து ஒட்டி நின்றது. கண்ணாடி முழுக்க வேன். வேனின் பக்கவாட்டில் ஒரு பசுமாடு படம். திரை மூடும்வரை நாங்கள் மாட்டைத்தான் பார்த்தோம். கொஞ்சம் பேர் மாட்டுக்குக் கைதட்டினார்கள்.

அந்த மாட்டை எனக்குத் தெரியும். அது எங்கள் வீட்டு வாசலில்தான் ராத்திரியெல்லாம் நிற்கும்.

"யோவ்!" என்று வெளியே குரல் கேட்டது. வீட்டுக்குள் மட்டும் புழங்குகிற யோவ், முதல்முறையாகத் தெருவில். "யோவ், உனக்கு நிறுத்த வேற இடமே கிடைக்கலயா?"

"நீதானே இன்னிக்கு நடக்கறேன்னு சொன்னே" என்றார் சித்தப்பா. "பாக்கலாம்னு வந்தேன்."

சித்தி அப்புறம் அவரிடம் பேசவில்லை. ரசம் ஊற்றும்போதுகூட என்னிடம்தான் சொன்னாள்: "போதுமான்னு கேளுடி."

அடுத்த முறை மழை. அவள் குடையோடு போனாள். கண்ணாடிக்கு நேராக வந்ததும் நின்று, பக்கவாட்டில் திரும்பி, எல்லாம் செய்தாள். ஆனால் காற்று கடைப் பக்கமிருந்து அடித்ததால் குடையை எங்கள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தாள். நாங்கள் பார்த்தது ஒரு குடை, அதற்குக் கீழே இரண்டு கால். அவளுக்குக் கொஞ்சம் பின்னால், சோப்பு வாங்கப் போனவளை இன்னும் காணோமே என்று மேனேஜர் துரத்திவிட்ட நெட்டை, குடையில்லாமல் நனைந்துகொண்டு ஓடிவந்தாள். நடைபாதை விளிம்பில் வழுக்கி, கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நாலு தத்து தத்தி, விழாமல் நின்றாள். கடையே எழுந்து நின்று கைதட்டியது.

சித்தி அதை மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டுவிட்டாள். தனக்குத்தான் என்று நினைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் முகமெல்லாம் பூவாக, "எப்படிடி?" என்றாள்.

பொய் சொல்வது எனக்குக் கைவந்த கலை. வாத்தியாரிடம், மேனேஜரிடம், டிக்கெட் கேட்கிறவரிடம், யாரிடம் வேண்டுமானாலும் கண்ணிமைக்காமல் சொல்வேன். அன்று மட்டும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"குடை நல்லா இருந்துச்சு சித்தி" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "ரிப்பன் மாதிரியா?" என்றாள். பிறகு ஈரக் குடையை விரித்து மூலையில் வைத்தாள், ரொம்ப நேரம் அதையே சரி செய்துகொண்டிருந்தாள்.

மாதக் கடைசி வந்தது. மறுநாள் கடையில் போன் விற்கிறவர்கள் குடியேறுகிறார்கள். அன்றுதான் கடைசிக் காட்சி. மழையில்லை. சித்தப்பாவிடம் தெருப்பக்கமே தலைகாட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கியாகிவிட்டது. சித்தி இருட்டோடு எழுந்து தலைக்கு எண்ணெய் தடவிக் குளித்து, வேலைக்குப் போகும்போதே பாடிக்கொண்டு போனாள்.

பத்து மணிக்கு நான் எட்டிப் பார்த்தபோது சலவை அறையில் பாட்டில்லை. மெஷின் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது, அப்படியொரு அமைதி.

நடந்தது இதுதான். கைதட்டல் ருசி கண்ட நெட்டை, காலையில் வேலைக்கு வரும்போதே அந்த ஒற்றைக்கால் தத்தலை ஒத்திகை பார்த்திருக்கிறாள். இந்த முறை கால் உண்மையாகவே பிசகிவிட்டது. வீக்கத்தோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே நாளில் பார்த்து, மத்தியானம் பஸ் நிறைய ஆட்கள் வந்து தங்கப்போகிறார்கள். லாட்ஜிலிருக்கும் அத்தனை அறைக்கும் விரிப்பு வேண்டும். மேனேஜர் படியில் நின்று, "இன்னிக்கு மட்டும் கால வெளிய வெச்சே, நாளைக்கு உள்ள வைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இரட்டைக் கட்டில் விரிப்பை ஓர் ஆள் மடிக்க முடியாது. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, விலகி நின்று, ஓர் உதறு உதற வேண்டும். பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். மறுபடி விலக வேண்டும். மறுபடி வர வேண்டும். சித்தியோ ஒரு பக்கத்தைத் தாடையில் இடுக்கிக்கொண்டு, மறு பக்கத்தைத் தன் குட்டைக் கையால் எட்டிப் பிடிக்கப் பார்த்து, விரிப்புக்குள்ளேயே காணாமல் போய்க்கொண்டிருந்தாள்.

"நான் பிடிக்கறேன் சித்தி."

"நீ பிடிச்சாலும் சாயங்காலம் ஆயிடும்" என்றாள் விரிப்புக்குள்ளிருந்து. பிறகு வெளியே வந்து, ஆணியிலிருந்து ஆரஞ்சு சால்வையை எடுத்தாள். உதறினாள், ஒருத்தியாகவே மடித்தாள், பைக்குள் வைத்தாள். திட்டவில்லை. யாரையும், எதையும், ஒரு வார்த்தை திட்டவில்லை.

நான் ஓடினேன். சித்தப்பா அடுத்த தெருவில் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு வேனுக்குள் உட்கார்ந்திருந்தார்.

"சித்தப்பா, கண்ணாடி முன்னாடி வண்டியக் கொண்டுவந்து நிறுத்து. ஒட்டி."

"என்னைக் கொன்னுடுவா!"

"நிறுத்தலேன்னா நான் கொன்னுடுவேன்."

பதினோரு மணி. கடைக்குள் உட்கார இடமில்லை, சுவர் ஓரமெல்லாம் ஆட்கள். கடைசி நாள் என்று சாவித் தாத்தா கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்த அக்கா கண்ணீரும் சிரிப்புமாகக் கயிற்றை இழுத்தார்.

மாடு.

"ஐயோ" என்றார் அந்த அக்கா.

நான் நாற்காலி மேல் ஏறினேன். "தெரு இன்னிக்கு வேற இடத்துல நடக்குது. அவங்கவங்க நாற்காலிய அவங்கவங்க தூக்கிட்டு என் பின்னாடி வாங்க."

அந்த அக்கா என்னைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். "இது நீ பண்ணின வேலையா?"

"ஆமா."

"எங்க கூட்டிட்டுப் போறே?"

"ஒருத்தங்க எப்பவும் பண்றதைத்தானே காட்ட வந்தீங்க?"

அவர் முழுப் பல்லும் தெரியச் சிரித்துவிட்டு முதல் நாற்காலியைத் தூக்கினார்.

தலைமேல் நாற்காலியோடு எங்கள் தெரு மொத்தமும் பின்சந்துக்குள் நுழைந்து, ஒருவர் நாற்காலிக்கால் அடுத்தவர் முதுகில் இடிக்க, படியிறங்கியது. சின்ன ஜன்னலில் அத்தனை செருப்புகள் வருவதைப் பார்த்து சித்தி ஏதோ கலவரம் என்று பயந்து, சோப்புக் கரைசல் வாளியைக் கையில் ஓங்கியபடி நின்றிருந்தாள்.

"என்னடி இது?"

"காட்சி, சித்தி."

"என்ன காட்சி? எங்க காட்சி?" அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாளியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்தாள். "அடிப்பாவி! தலை எப்படி இருக்கு பாரு! அந்த சால்வைய எடு! இல்ல, வேண்டாம், எல்லாரையும் போகச் சொல்லு!"

யாரும் போகவில்லை. நாற்காலிகளைப் போட்டு மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சித்தி எல்லோரையும் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு முன்னால் ரிப்பனோ மாலையோ குடையோ மாடோ எதுவும் இல்லை, அவள் வாயிலும் ஒரு வார்த்தை இல்லை. ஒரு விரிப்பை எடுத்தாள். தாடையில் இடுக்கினாள். எட்டிப் பிடித்தாள். நழுவியது. மறுபடி எடுத்தாள். மறுபடி நழுவி முகத்தை மூடியது.

உள்ளிருந்து குரல் வந்தது. இப்போதுதான் பழைய குரல். "என்னத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க? கை இருக்குல்ல? யோவ் முடிவெட்டி, அந்த மூலையப் பிடி!"

முடிவெட்டுகிற அண்ணன் எழுந்து பிடித்தார். "விலகு. இன்னும் விலகு. உதறு!" பட்டென்று விரிப்பு காற்றில் வெடித்தது. "இப்ப வா. கிட்ட வா. மூலையக் குடு. ஐய, என் கையப் பிடிக்காதய்யா, துணியப் பிடி!"

ஒரே சிரிப்பு. ரொட்டிக் கடைக்காரரும் சாவித் தாத்தாவும் ஒரு விரிப்பை எடுத்தார்கள். ஒரு ஜோடி எழுந்ததும் அடுத்த ஜோடி. கொஞ்ச நேரத்தில் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் விலகினார்கள், உதறினார்கள், வந்தார்கள், சேர்ந்தார்கள், மறுபடி விலகினார்கள். வெள்ளை விரிப்புகள் எழும்பி எழும்பி இறங்கின. நடுவில் சித்தி: "தாத்தா, கோட்டைக் கழட்டுங்க! ரொட்டி, கீழ போட்டே, மறுபடி நீயே துவைக்கணும்! அந்தத் தலையணை உறையெல்லாம் திரைக்கார அம்மாகிட்ட குடுங்க, அவங்க இழுக்கறதுல கெட்டிக்காரி!" சத்தம் கேட்டு மேனேஜர் இறங்கி வந்து வாயைத் திறந்தார். திறந்த வேகத்தில் அவர் கையில் இரண்டு மூலையைத் திணித்தாள். அவரும் விலகினார்.

கடைசியாக சித்தப்பா வந்து வாசலில் தயங்கி நின்றார். சித்தி ஒரு விரிப்பின் இரண்டு மூலையை அவர் பக்கம் நீட்டினாள். இரண்டு பேரும் உதறி, நடந்து வந்து, நடுவில் சேர்ந்தார்கள். சித்தப்பா மூலைகளைக் கொடுக்க மறந்து நின்றார்.

"குடுய்யா" என்றாள் சித்தி. மெதுவாகத்தான் சொன்னாள்.

எல்லாம் மடித்து முடிந்தது. அடுக்கடுக்காக ஆளுயரத்துக்கு நின்றது. எல்லோரும் வேர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு, இளித்துக்கொண்டு நின்றார்கள். சித்தி இடுப்பில் கைவைத்துச் சுற்றிப் பார்த்தாள்.

"அதெல்லாம் சரி. ஒருத்தர்கூடக் கைதட்டலயே?"

"கையில துணி இருந்துச்சே" என்றார் முடிவெட்டுகிற அண்ணன், பரிதாபமாக.

மேனேஜருக்கு அப்போதுதான் தான் மேனேஜர் என்று நினைவு வந்தது. "பஸ் வந்துடும். சீக்கிரம் லிஃப்டுல ஏத்துங்க."

சித்தி லிஃப்டைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "லிஃப்டு ரிப்பேர்" என்றாள்.

மேனேஜர் பட்டனை அமுக்கினார். "டிங்" என்றது லிஃப்டு.

"அது அப்படித்தான் கத்தும், ஆனா ஏறாது. கையிலதான் தூக்கிட்டுப் போகணும். முன்வாசல் வழியா."

ஆரஞ்சு சால்வை வெளியே வந்தது. தலை சீவப்பட்டது. ஆளுக்கு ஓர் அடுக்கைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் சந்தைச் சுற்றித் தெருவுக்கு வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் சித்தி, தாடை வரை விரிப்பு. "யோவ், மாட்டை எடு!" என்றதும் சித்தப்பா ஓடிப்போய் வேனைப் பின்னால் எடுத்தார். கண்ணாடி வெளியே தெரிந்தது. திரை விலகியபடியே இருந்தது. உள்ளே வெறும் தரைதான் என்று பார்க்காமலே எல்லோருக்கும் தெரியும். நாற்காலிகள் சலவை அறையில், பார்க்கிறவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால்.

"உள்ள யாருமே இல்லையேடி!" அந்தக் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

என் கையில் இருந்த தலையணை உறைகளை மேனேஜர் தலையில் வைத்துவிட்டுக் கடைக்குள் ஓடினேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வெளியே சித்தி நிமிர்ந்தாள். அடுக்கைத் தாடையிலிருந்து மார்புக்கு இறக்கிப் பிடித்தாள், முகம் முழுசாகத் தெரிந்தது. நடந்தாள். கையை வீச முடியாததால் எப்போதும் நடக்கிற மாதிரியே, கொஞ்சம் வாத்து மாதிரி நடந்தாள்.

நான் கைதட்டினேன். ஓர் ஆள் எவ்வளவு சத்தம் போட முடியுமோ அவ்வளவும் போட்டேன். தரையையும் தட்டினேன். விசில் அடித்தேன்.

கண்ணாடிக்கு நடுவில் வந்ததும் அவள் நின்றுவிட்டாள். வெளியே இருந்து பார்த்தால் நான் தெரிய மாட்டேன், அவளுக்கு அவள்தான் தெரிவாள், ஆரஞ்சு சால்வையோடு. தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் தெரு முழுக்க விரிப்பைத் தூக்கிக்கொண்டு முட்டிமோதி நின்றது. தெருக்கோடியில் பஸ் திரும்பி ஹாரன் அடித்தது.

"நகரும்மா! வந்துட்டாங்க!" என்று மேனேஜர் அலறினார்.

"இருங்க" என்றாள் சித்தி, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் தட்டிட்டிருக்காங்க."

எனக்கு உள்ளங்கை எரிந்தது. நான் நிறுத்தவில்லை.